சுவரில் காது வைத்த பன்னிரண்டு விநாடி

பல் செட் செய்கிற அவளுக்கு ஐம்பது வயது. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடித்துப் பார்த்தால் மேலும் கீழும் பொருந்துகிற மாதிரி தேய்த்துக் கொடுப்பது தொழில். மூன்று பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு தன் அக்கா கைவேலை என்று அவள் தம்பி போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அவளோ அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை. அவளுக்கு இருந்த பைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பழைய சினிமா.

படத்தின் பெயர் 'உறங்கும் கலம்'. அது வெளிவந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஏழு. அப்பா வேறொரு குடும்பத்தைத் தேடிப் போய்விட்ட வருஷம் அது. அம்மா காலையில் ஓரிடத்திலும் மாலையில் ஓரிடத்திலுமாக வேலைக்கு ஓடினாள். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளை விட்டுவைக்க இடமில்லாமல், டிக்கெட் கிழிக்கிற தோழியிடம் சொல்லித் தியேட்டருக்குள் உட்கார வைத்துவிட்டுப் போவாள். பதினோரு நாள் அதே படம். பன்னிரண்டாம் நாள் படத்தை மாற்றிவிட்டார்கள் என்று தம்பி தரையில் புரண்டு அழுதான்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. நூறு வருஷப் பயணம் போகிறது ஒரு விண்கலம். உள்ளே இருக்கும் அத்தனை பேரும் பெட்டிகளில் உறங்குகிறார்கள். காவல்காரி ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் அவள் கலத்தின் பின்சுவரில் காதை வைக்கிறாள். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு சத்தம் கேட்கிறது. கடலா, இயந்திரமா, ஏதோ ஒரு ஜீவனின் மூச்சா என்று பிரிக்க முடியாத சத்தம். காவல்காரியின் முகம் மெல்ல மாறுகிறது. அவ்வளவுதான், படம் முடிந்துவிடும். கலத்தின் அடிப்பாகம் குக்கர் மூடி என்பது ஒரு பார்வையிலேயே தெரியும். உற்றுப் பார்த்தால் அதைத் தொங்கவிட்ட கயிறுகூடத் தெரியும். ஆனாலும் முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பன்னிரண்டு விநாடியைப் பற்றிப் பேசி மாளவில்லை.

பேசுவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. துணிக்கடை மாடியில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, இருபது இருபத்தைந்து பேர் கூடுவார்கள். விளம்பரப் பலகை வடிவமைக்கிற தம்பிதான் தலைவன். அவனுக்கு வலது கை ஒரு பஸ் கண்டக்டர். ஆள் குட்டை, அதனால் 'அரை டிக்கெட்' என்று பெயர். அந்தப் பெயரை அவரே வைத்துக்கொண்டதாகத்தான் சொல்வார். சுவருக்குப் பின்னால் என்ன என்பதற்கு இதுவரை நாற்பத்தோரு விளக்கங்களை அவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு விளக்கத்தை நம்புவார்.

அந்தப் படத்தை மறுபடியும் எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த வாரம், கூட்டத்துக்கு எழுபது பேர் வந்தார்கள். உட்கார இடமில்லை. ஆளாளுக்குக் கொதித்தார்கள். இப்போது எடுக்கிறவர்களுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது, காதில் கேட்டதைக் கண்ணில் காட்டித்தான் தீருவார்கள், சுவரை உடைத்து உள்ளேயிருந்து பத்துக் கை உள்ள ஏதாவது ஒன்றை இறக்கிவிடுவார்கள் என்றார் அரை டிக்கெட். கயிறு தெரிந்தும் நம்பினோமே, கயிறே இல்லாமல் எடுத்தால் எதை நம்புவது என்று ஒருவர் கேட்டார். கடைசியில் தம்பி எழுந்தான்.

"செத்தவரோட சட்டையைப் பிரிச்சுத் தைச்சு வேற ஒருத்தருக்குப் போட்டுவிட்டா, செத்தவர் எழுந்து வந்துருவாரா? அந்தப் படத்தைத் தொடாதீங்கன்னு கேட்போம். கேட்கலைன்னா ஒருத்தரும் போகாம இருப்போம்."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. மூலையில் நின்ற அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. கையெழுத்து வேட்டை அன்றைக்கே தொடங்கியது. அவளும் தன் பட்டறைக்கு வந்துபோகிறவர்களிடமெல்லாம் தாளை நீட்டினாள். பல்லில்லாதவர்கள்கூடப் போட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். சுவருக்குப் பின்னால் கேட்ட சத்தம் என்ன என்பதுதான் அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மருத்துவர் தன்னிடம் வந்த நோயாளியைப் பட்டறைக்கே அனுப்பியிருந்தார். செட் சரியாகத்தான் பொருந்துகிறது, ஆனால் ஆள் திருப்திப்படவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு. எழுபது வயதுக்கு மேல், ஒல்லியாக, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்த மனிதர். 'ஸ' வருகிற இடத்தில் மட்டும் விசில் அடிக்கிறது என்றார். விசில் எந்தச் சுருதியில் அடிக்கிறது என்றும் சொன்னார். சீட்டில் இருந்த பெயரைப் பார்த்ததும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. பதினோரு நாள் திரையில் பார்த்த பெயர். 'உறங்கும் கலம்' படத்தின் ஒலிப்பதிவாளர்.

முன்பல் இரண்டையும் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளினாள். 'ஸ' சரியாகி 'ச' கெட்டது. மறுபடியும் மெழுகு, மறுபடியும் நடவு. நாலு தடவை வந்தார். அவர் யார் என்று தெரியும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆனால் அந்தச் சத்தத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டாள். நாலாம் தடவை, பல் செட் ஒழுங்காகப் பேச ஆரம்பித்த பிறகு, அவராகவே சொன்னார். முப்பத்தாறு வருஷத்தில் அதைக் கேட்காத முதல் ரசிகை நீங்கள்தான், அதனால்தான் சொல்லத் தோன்றுகிறது என்றார்.

படத்தின் வேலை நடந்தபோது அவர் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். சோதனைக்குப் போனபோது கருவியில் கேட்ட குழந்தையின் இதயத் துடிப்பை, தொழில் புத்தி விடாமல், பதிவு செய்து வைத்திருந்தார். எட்டாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, கடைசிக் காட்சிக்கு என்ன சத்தம் வைப்பது என்று தெரியாமல் எல்லாரும் முழித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த நாடாவை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டார். அது வேறு என்னவோவாக ஆகிவிட்டது. மனைவியிடம் கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்றாள் அவள். இயக்குநருக்குக்கூட அவர் சொல்லவில்லை. மனைவி இன்றுவரை அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

"உங்களோட இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளோடுதான் இருந்தது, ஐந்து மாதம். அந்தச் சமயத்தில் தம்பியின் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் முகம் மழிக்காமல், வேலைக்குப் போகாமல், அக்கா வீட்டு சோபாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். சோறு வைத்தால் ஆறிப்போகும். பேச்சுக் கொடுத்தால் 'ம்' என்பான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் தன் பங்கு மிட்டாயையும் அவனுக்கே கொடுத்துப் பழக்கப்பட்டவள் அவள். ஒருநாள் மதியம், கையில் வேறு எதுவும் இல்லாமல், அதைக் கொடுத்தாள். அவன் எழுந்து உட்கார்ந்து கேட்டான். கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவள் சொன்னபோது, என்னை யாரென்று நினைத்தாய் என்று கோபித்துக்கொண்டான்.

நாலாயிரம் கையெழுத்து சேர்ந்ததும் அதைக் கட்டி எடுத்துக்கொண்டு தம்பிதான் படக் கம்பெனிக்குப் போனான். வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்று அரை டிக்கெட் பந்தயம் கட்டினார். அப்படி நடக்கவில்லை. உள்ளே அழைத்து உட்கார வைத்துக் காபி கொடுத்தார்களாம். புது இயக்குநர் அவனைவிடச் சின்னவராம், படத்தை முப்பது தடவை பார்த்தவராம். அடுத்த வாரம் மறுபடி போனான். அப்புறம் அடிக்கடி. கேட்டால், வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே போய்த் தடுப்பதுதான் வழி என்றான். கூட்டத்துக்கு வருவது குறைந்தது. முடி வெட்டிக்கொண்டான், புதுச் சட்டை போட்டுக்கொண்டான். தம்பி தேறிவிட்டான் என்று அவள் சந்தோஷப்பட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான், என்ன செய்வது.

அடுத்த வருஷம், படத்தின் முன்னோட்டக் காட்சியைப் பார்க்க ரசிகர் கூட்டத்துக்கே அழைப்பு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, நகரத்தின் பெரிய தியேட்டர். போகக் கூடாது என்று பாதிப் பேர் சொன்னார்கள். பார்த்துவிட்டுத் திட்டினால் இன்னும் நன்றாகத் திட்டலாம் என்றார் அரை டிக்கெட். போனார்கள். மேடையில் நாலு நாற்காலி. கடைசி நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். அக்கா கையசைத்தாள். அவன் பார்க்காத மாதிரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

விளக்கு அணைந்தது. திரையில் புதுக் கலம், புதுக் காவல்காரி. எல்லாம் பளபளவென்று, குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தது. கடைசியில் அவள் சுவரில் காதை வைத்தாள். பழைய சத்தம் அப்படியே கேட்டது. பிறகு அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. வேகம் பிடிக்கப் பிடிக்கக் கடல் போயிற்று, இயந்திரம் போயிற்று. கடைசியில் சின்னஞ்சிறு இதயம் ஒன்று, குதிரை ஓடுகிற மாதிரி, நாற்காலியெல்லாம் அதிரும்படி அடித்துக்கொண்டது. சுவர் கண்ணாடியாக மாறியது. உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு சிசு.

அவளுக்குக் காதை மூடிக்கொள்ளக் கை வரவில்லை.

விளக்கு வந்ததும் இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார். முப்பத்தொன்பது வருஷ ரகசியம் இது என்றார். அந்த ஒலிப்பதிவாளரின் பெயரைச் சொன்னார். அவர் மனைவியைப் பற்றிச் சொன்னார். ஏழாம் மாதம், எட்டாம் மாதம் எல்லாம் சொன்னார். பழைய ஒலியை நாலு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது தன் அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள் என்றார். இதைக் கொண்டுவந்து சேர்த்தவர் இவர்தான் என்று தம்பியின் தோளில் கை வைத்தார். தம்பி எழுந்து கும்பிட்டான். கைதட்டியவர்களில் ரசிகர் கூட்டத்து ஆட்களும் இருந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பக்கத்தில் இருந்த அரை டிக்கெட் மட்டும் கையைத் தொடையில் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

மறுநாள் காலை அவள் ஒலிப்பதிவாளர் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி. அவர் மனைவி கதவைத் திறந்தாள். வெள்ளை முடியை இழுத்துக் கொண்டை போட்ட, நிமிர்ந்த உடம்புக்காரி. தொலைபேசியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மேசைமேல் வைத்திருந்தது தெரிந்தது. அவர் ஜன்னலோரம் இருந்தார். பல் செட் போட்டிருக்கவில்லை. கன்னம் உள்ளே போய், பத்து வயது கூடித் தெரிந்தார்.

நடந்ததை அவள் நின்றுகொண்டே சொன்னாள். தம்பியிடம் சொன்னது தான்தான் என்றாள். அவன் மனம் உடைந்து கிடந்தான் என்று ஆரம்பித்தவள், அது சாக்குப் போல ஒலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பல்லில்லாத வாயால் அவர் மெதுவாகப் பேசினார். "நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். நீங்களும் ஒருத்தர்கிட்டதான் சொன்னீங்க. உங்க தம்பியும் ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருப்பாரு. யாரும் ஊரைக் கூட்டிச் சொல்லலம்மா."

மனைவி அவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தாள்.

"நேத்து பத்திரிகையிலேர்ந்து ஒரு பையன் போன் பண்ணினான். பிள்ளை ஆணா பொண்ணான்னு கேட்டான். எங்க அம்மாகூட என்கிட்ட அதைக் கேட்டதில்ல. அந்தச் சத்தத்தை நான் ஒரே தடவைதான் கேட்டிருக்கேன். டாக்டர் அறையில. இனிமே பஸ் ஸ்டாண்டுல டீவி பெட்டி முன்னாடி நின்னாக்கூடக் கேட்கும், இல்லையா?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த அம்மாள் கதவருகே போய் நின்றாள். படியிறங்கும்போது, மேலே கணவனும் மனைவியும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாதது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

அங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் அவளை எதிர்பார்த்துத்தான் இருந்தான். பேச வேண்டியதை யோசித்து வைத்திருப்பான் போல, மளமளவென்று கொட்டினான். முதலில் எழுதிய கதையில் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு ராட்சதப் புழு வருவதாக இருந்ததாம். வேண்டாம் என்று மன்றாடிப் பார்த்தானாம். வேறு என்ன வைக்கலாம், சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். அப்போதுதான் வாயில் வந்துவிட்டதாம்.

"நான் சொல்லலைன்னா நம்ம படத்துல புழு வந்திருக்கும்க்கா. நான் காப்பாத்தினேன்."

"காப்பாத்தினியா?"

"அவங்க பேரை வெளிய சொல்லமாட்டோம்னுதான் சொன்னாங்க. மேடையில அப்படிச் சொல்வாருன்னு எனக்குத் தெரியாது."

"தோள்ல கை வச்சதும் எழுந்து கும்பிட்டியே, அப்பவும் தெரியாதா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, ஏழு வயதுப் பிள்ளை கேட்கிற மாதிரி, "ஆனா படம் நல்லா வந்திருக்குல்லக்கா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விதான் அவளை அறுத்தது. நன்றாகத்தான் வந்திருந்தது. அந்தச் சத்தம் வேகம் பிடித்தபோது தனக்கும் உடம்பு சிலிர்த்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. படத்திலிருந்து அந்தச் சத்தத்தை எடுக்கச் சொல், இல்லையென்றால் என் வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவன் போய்க் கேட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தத் தடவை காபி வரவில்லை. வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, பழைய படத்தின் ஒலியெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு வக்கீலை விட்டுச் சொல்ல வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் கைப்பட எழுதிய கடிதத்துக்கும் அதே பதில்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில், அதுவரை மூலையில் நின்றே பழக்கப்பட்ட அவள், முன்னால் வந்து நின்றாள். ரகசியம் தன் வாயிலிருந்துதான் கசிந்தது, தம்பியைத் திட்டுகிறவர்கள் என்னிடமிருந்து ஆரம்பியுங்கள் என்றாள். சிலர் அவளிடமே கோபப்பட்டார்கள். இவ்வளவு நாள் எங்களுக்குச் சொல்லாமல் நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டிருந்தீர்களே என்பது அவர்கள் கோபம். படம் எப்போது வருகிறது, முதல் காட்சிக்குச் சேர்ந்து போகலாமா என்று பின்வரிசையில் இரண்டு பேர் அப்போதே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அரை டிக்கெட் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தோரு விளக்கம் எழுதினேன். ஒண்ணுகூடச் சரியில்ல. அது பரவாயில்ல. நேத்து வீட்டுல பழைய படத்தைப் போட்டுப் பார்த்தேன். அவ சுவர்ல காது வச்சதும் எனக்கு அந்த வயசான அம்மா மூஞ்சிதான் வருது. நான் அவங்களைப் பார்த்ததுகூட இல்ல." நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். "இனிமே அந்தப் படத்தை என்னால பார்க்க முடியாது. புதுசை எடுத்தாங்க சரி, பழசையும் சேர்த்தில்ல எடுத்துட்டுப் போயிட்டாங்க."

துணிக்கடை மாடியில் அதற்குப் பிறகு கூட்டம் நடக்கவில்லை. படம் வெளியாயிற்று, ஓடிற்று. சாலைமுனைப் பலகைகளில் அந்தச் சிசு சுருண்டு கிடந்தது. படம் முடிந்து எழுத்து ஓடும்போது தம்பியின் பெயர் தனியாக வருகிறது என்று பட்டறையில் வேலை செய்கிற பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டாள், போய்ப் பார்க்கவில்லை. ஒலிப்பதிவாளர் மறுபடி வரவே இல்லை. செட்டைப் போட்டுக்கொள்கிறாரா என்று மருத்துவரிடம் கேட்டாள். அங்கேயும் அவர் போவதில்லையாம்.

சொந்தத் தம்பியை எத்தனை நாள் வாசலில் நிறுத்த முடியும்? நாலைந்து மாதத்தில் அம்மாவின் உடம்பைச் சாக்காக வைத்துப் பேச்சு ஒட்டிக்கொண்டது. இப்போது வாரம் ஒருமுறை போன் செய்கிறான். அம்மாவின் மாத்திரை, வீட்டு மராமத்து, யார் கல்யாணத்துக்கு யார் போவது, எல்லாம் பேசுகிறார்கள். சிலசமயம் அவன் பழையபடி ஜோக் அடிப்பான், அவளும் சிரித்துவிடுவாள்.

போன வாரம் அவன் பேசியபோது அவள் கண் மருத்துவமனையில் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் புரை, முற்றிவிட்டது, பல்லின் நிறம் பிரித்துப் பார்ப்பது சிரமமாகிவிட்டது. வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். கூட வருவதற்கு அரை டிக்கெட் லீவு போட்டிருந்தார். இப்போதும் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மாவைப் பற்றியெல்லாம் பேசி முடித்துவிட்டு, "அப்புறம்க்கா? வேற என்ன விசேஷம்?" என்று கேட்டான் தம்பி.

"ஒண்ணுமில்லடா" என்றாள்.

செவிலி அவள் பெயரைக் கூப்பிட்டாள். போனை வைத்துவிட்டு எழுந்து போனாள்.